கழற்ற வேண்டுமானால் முதலில் இறுக்குங்கள்

காரில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் மாற்றுவது அரை மணி நேர வேலை என்று சொல்வார்கள். உண்மைதான், எல்லாப் பிளக்கும் ஒழுங்காகக் கழன்று வந்தால். என் காரில் மூன்று வந்துவிட்டன. மூன்றாவது சிலிண்டரில் இருந்தது மட்டும் வரவில்லை. முதல் திருப்பில் ‘டக்’ என்று இளகியது. சரி, இதுவும் முடிந்தது என்று ராட்செட் கைப்பிடியைத் திருப்பினால், கால் சுற்று போனதும் இறுகிக்கொண்டது. கீழேயிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, கால் சுத்து வந்துட்டு நின்னுடுச்சு.”

“சத்தம் வருதா?”

“கிறீச்னு வருது.”

“அப்ப இறுக்கு.”

“கழட்டணும்ணே.”

“அதுக்குத்தான் சொல்றேன். வந்த அளவுக்குத் திரும்ப உள்ளே அனுப்பு. அப்புறம் எண்ணெய் ஊத்து.”

வீட்டில் காரை வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஏனென்றால் பிளக் பாதியில் நின்றுவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்வது நீளமான பைப்பை ராட்செட்டில் சொருகி, இன்னும் பலமாக இழுப்பதுதான். பத்து ரூபாய்ப் பொருளுக்காகப் பத்தாயிரம் ரூபாய்ப் பொருளைக் கெடுக்கிற வேலை அது. பிளக் போனால் புதிது வாங்கலாம். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் அலுமினிய ஹெட்டில், பிளக் திருகி நிற்கும் மரை போனால், ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். பிளக்கின் உடல் எஃகு. பரவலாக இருக்கும் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் இறக்கம். மரைப் பகுதி 19 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், வெளியே வர ஏறத்தாழ 15 சுற்று சுற்ற வேண்டும். புதிய இன்ஜின்கள் பலவற்றில் பிளக் இதைவிட நீளம், 26.5 மில்லிமீட்டர் வரை போகிறது. இவ்வளவு நீளத்துக்கு இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, வருடக்கணக்கில் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிக் கிடக்கின்றன.

அங்கே கொஞ்சம் ஈரம் போய்ச் சேர்ந்தால் போதும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் தளர்ந்திருந்தால், இன்ஜினைக் கழுவும்போது தண்ணீர் இறங்கும். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒரு சிறு பேட்டரி உண்டாகிறது. அந்தப் பேட்டரியில் அரிபடுவது அலுமினியம்தான். அரிபட்ட அலுமினியம் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொடியாக மாறுகிறது. அந்தப் பொடிக்கு, தான் இருந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். எஃகுத் துருவும் அப்படித்தான். இரும்பு இருந்த இடத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தைத் துரு கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு. அதற்குள் இந்தப் பொடி உப்பிக்கொண்டால், மழைக்காலத்து மரக்கதவு நிலையில் இறுகுவதுபோல் பிளக் இறுகிவிடுகிறது.

இன்னொரு காரணம் கீழ்முனையில் இருக்கிறது. பிளக்கின் கடைசி மரை ஒன்றிரண்டு எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் கரி படிந்து கெட்டியாகிவிடும். பிளக் உள்ளே இருக்கும்வரை அந்தக் கரி யாருக்கும் தொந்தரவு செய்யாது. கழற்றும்போது அந்தக் கரி படிந்த மரைதான் ஹெட்டின் சுத்தமான மரை வழியாக மேலேறி வர வேண்டும். ஆக, முதலில் இளகி, கால் சுற்றோ அரைச் சுற்றோ வந்து, அப்புறம் இறுகுகிற பிளக், கீழே கரியோ பொடியோ மாட்டியிருப்பதைச் சொல்கிறது. அசையவே அசையாத பிளக் சொல்வது வேறு: மேலே வாஷர் உட்கார்ந்த இடத்திலோ, முழு நீளத்திலுமோ பிடித்திருக்கிறது. இரண்டும் வேறு நோய். மருந்தைக் கொடுக்கும் வரிசையும் வேறு.

பிளக் இப்படிப் பிடித்துக்கொள்வது இப்போது கூடியிருப்பதற்கு ஒரு நல்ல முன்னேற்றமே காரணம் என்று நினைக்கிறேன். 1902இல் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனால்ட் பொறிக்கு மின்சாரம் தரும் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் சேர்த்து உருவாக்கினார். அந்தக் காலத்தில் தொடங்கி ரொம்ப வருடங்களுக்குப் பிளக் என்பது ஓட்டுநரே அடிக்கடி கழற்றி, துடைத்து, இடைவெளி பார்த்து, மறுபடி மாட்டுகிற பொருளாக இருந்தது. கழற்றி மாட்டிக்கொண்டே இருந்ததால் அது பிடித்துக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. இன்றைய இரிடியம் பிளக்குகள் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல்கூட ஓடுகின்றன. அவ்வளவு காலம் அதை யாரும் தொடுவதில்லை. நெருப்பு பிசகாமல் வந்துகொண்டே இருக்கிறது; மரை மட்டும் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டே போகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

காயிலைக் கழற்றியதும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் குழியிலிருந்து மணலும் உதிர்ந்த ரப்பரும் நேராக முகத்துக்குத்தான் வரும். பிளக் வெளியே வந்தபின் சுத்தம் செய்து பயனில்லை, குப்பை அப்போது சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் தலையில் மாட்டும் சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையை மட்டும் பிடிக்கும். பலம் கூடக்கூட மூலையை மழித்துவிடும். சாக்கெட்டை ராட்செட்டோடு இணைக்கும் தண்டான எக்ஸ்டென்ஷன், பிளக்குக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு கையால் ராட்செட்டின் தலையைப் பிடித்து நேராக வைத்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியை இழுங்கள். சாய்த்து இழுத்தால் உள்ளே இருக்கும் பீங்கான் வெடித்துவிடும். பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் போனால் அது வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

அசையாத பிளக் என்றால் அடுத்த கேள்வி: இன்ஜின் சூடாக இருக்க வேண்டுமா, ஆறியிருக்க வேண்டுமா? இதில் ஆளுக்கொரு பேச்சு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஓரளவு தெளிவாகும். அலுமினியம் சூட்டில் விரிவது எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டருக்கு அலுமினியம் 23 மைக்ரான் விரியும், எஃகு 12 மைக்ரான். உலோகம் விரியும்போது அதில் இருக்கும் துளையும் விரியும், சுருங்காது. பலரும் தடுமாறுகிற இடம் இதுதான். 14 மில்லிமீட்டர் துளையை 60 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை பிளக்கைவிட ஏறத்தாழ 9 மைக்ரான் கூடுதலாக விரிகிறது. அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கேட்கச் சின்னதாக இருக்கும். மரையின் இடைவெளியைப் பொறுத்தவரை அது சின்னதில்லை.

ஆனாலும் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஆறிய இன்ஜினில்தான் கழற்றச் சொல்கிறார்கள். அதற்கும் நியாயம் இருக்கிறது. நன்றாகச் சூடான அலுமினியம் கொஞ்சம் இளகியிருக்கும், எஃகு மரை அதைச் சுரண்டி எடுத்துவிடும். கையும் சுடும். எனக்குச் சரியென்று படுவது நடுவழி: சாதாரணமாகக் கழற்ற, ஆறிய இன்ஜின். பிடித்துக்கொண்ட பிளக்குக்கு மட்டும், தொட்டால் பொறுத்துக்கொள்ளக்கூடிய வெதுவெதுப்பு. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, நிறுத்தி, நன்றாகத் தணிய விட்டால் அந்த நிலை வரும். கேஸ் டார்ச்சை மட்டும் பிளக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அங்கே பெட்ரோல் குழாய், பிளாஸ்டிக், வயர் எல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. குழிக்குள் பிரேக் கிளீனர் அடித்துவிட்டுச் சூடு காட்டுவது அதைவிட மோசம். குளோரின் கலந்த கிளீனர் கடும் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும்.

அடுத்தது எண்ணெய். பலரும் செய்வது: பிளக் அசையவில்லை என்றதும் குழி நிறைய எண்ணெய் ஊற்றி, இரவு முழுக்க விட்டுவிடுவது. காலையில் வந்து பார்த்தால் எண்ணெய் அப்படியே நிற்கும். ‘எவ்வளவு எண்ணெய் ஊற்றியும் பயனில்லை’ என்று அலுத்துக்கொள்வார்கள். எண்ணெய் மரைவரைக்கும் போனால்தானே பயன்? பிளக்கின் வாஷரோ, கூம்பு வடிவ இருக்கையோ, எரியறையின் அழுத்தத்தையே வெளியே விடாமல் அடைத்து நிற்பது. அது மேலேயிருந்து வரும் எண்ணெயை மட்டும் எப்படி உள்ளே விடும்? அதனால் எண்ணெய்க்கு முன்னால் பிளக்கை ஒரு துளி இளக்க வேண்டும். எட்டில் ஒரு சுற்று போதும். வாஷர் இருக்கையை விட்டு விலகியதும் எண்ணெய்க்கு வழி திறக்கும். இந்த வரிசை மாறினால் எண்ணெய் வீண், ஓர் இரவும் வீண்.

அந்த எட்டில் ஒரு சுற்றுக்கும் அசையாதபோது முரட்டுத்தனத்தைவிட அதிர்ச்சி உதவும். எக்ஸ்டென்ஷனைச் சாக்கெட்டோடு மாட்டி, அதன் தலையில் சிறு சுத்தியால் லேசாக, பலமுறை தட்டுங்கள். பலமாக அடிக்க வேண்டாம், உள்ளே பீங்கான் இருக்கிறது. தட்டும்போது பொடி நொறுங்கும். அப்புறம் இழுக்கும்போது முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்துவிட்டு, பிறகு கழற்றும் திசைக்கு வாருங்கள். இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைந்தாலே பிடி உடைந்துவிட்டது என்று அர்த்தம். ஓய்ந்திருக்கும் பொருளை அசைக்கத் தேவையான பலம் எப்போதும் அதிகம். ஒருமுறை அசைந்தபின் அது குறைந்துவிடும்.

எந்த எண்ணெய் என்பதிலும் ஒரு வார்த்தை. எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40, பெயரிலேயே தன் வேலையைச் சொல்லிவிடுகிறது: தண்ணீரை விலக்குவது. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் நிறுவனம் உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் காப்பதற்குப் பயன்பட்டது. நல்ல பொருள்தான். ஆனால் துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்த பெனிட்ரேட்டிங் ஆயில் இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து சிலர் பயன்படுத்துவார்கள். வேலை செய்கிறது, ஆனால் அசிட்டோன் பொசுக்கென்று தீப்பிடிக்கும், பெயின்டையும் தின்றுவிடும். காரின் மேல் அதைக் கையாள எனக்கு விருப்பமில்லை. எதுவானாலும் சில சொட்டு போதும். குழி நிறைய ஊற்றினால் மிச்சமெல்லாம் சிலிண்டருக்குள்தான் இறங்கும்.

இனிதான் முக்கியமான பகுதி.

பிளக் இளகி, எண்ணெய் உள்ளே போய், கால் மணி நேரம் ஊறியாயிற்று. மெதுவாகத் திருப்புகிறீர்கள். கால் சுற்று வருகிறது, பிறகு கனக்கிறது. இந்த இடத்தில் தொடர்ந்து இழுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கீழே இருந்த பொடியும் கரியும் மேலே வரும் ஒவ்வொரு மரைக்கும் முன்னால் குவிந்துகொண்டே போகின்றன. சுத்தமாக இருந்த மரைக்குள் குப்பையைத் திணிக்கிறோம். குவியக் குவியக் கனம் கூடுகிறது. கனம் கூடினால் சூடு கூடுகிறது. ஒரு கட்டத்தில் அலுமினியத் துணுக்கு ஒன்று எஃகு மரையின்மேல் ஒட்டிக்கொள்கிறது. அது அடுத்த மரையைச் சுரண்டுகிறது. சுரண்டிய துணுக்கு அதன்மேல் சேர்கிறது. இப்படி ஒட்டத் தொடங்கியபின் எந்த எண்ணெயும் உதவாது. பிளக் வெளியே வந்தாலும் அதன் மரை முழுக்க அலுமினியம் சுருண்டு ஒட்டியிருக்கும். ஹெட்டில் மரை இருந்த இடம் வழுவழுவென்று இருக்கும்.

அதனால்தான் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். கனக்கத் தொடங்கிய உடனே, சத்தம் வரும்வரைகூடக் காத்திராமல், வந்த அளவுக்கு மறுபடி இறுக்கும் திசையில் திருப்புங்கள். உள்ளே போகும்போது குவிந்த பொடி பின்னால் கலைகிறது, மரை முழுக்கப் பரவுகிறது, எண்ணெயோடு கலந்து குழம்பாகிறது. குழம்பான பொடி அவ்வளவாக உராய்வதில்லை. இன்னொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மறுபடி வெளியே. இந்த முறை முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். கனத்ததும் மறுபடி உள்ளே. கால் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. பிறகு அரை வெளியே, கால் உள்ளே. டேப் போட்டு மரை வெட்டுகிறவர்கள் செய்வதும் இதேதான்: கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, சீவலை உடைத்துவிட்டு மறுபடி முன்னே போவார்கள்.

இதில் கை கற்றுக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. நீளமான எக்ஸ்டென்ஷன் வழியாக இழுக்கும்போது கைப்பிடி நகர்வது தெரியும். பிளக் நகர்ந்ததா, எக்ஸ்டென்ஷன் முறுக்கிக்கொண்டதா என்று தெரியாது. இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எக்ஸ்டென்ஷனின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேரே ஹெட்டிலும் ஒரு கோடு போடுங்கள். இழுங்கள், பிறகு கையைத் தளர்த்துங்கள். கோடு நகர்ந்த இடத்திலேயே நின்றால் பிளக் சுற்றியிருக்கிறது. கோடு பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் பிளக் அசையவில்லை, இரும்புதான் முறுக்கிக்கொண்டது. நான் இதைப் பார்க்காமல் அடுத்த இழுப்புக்குப் போவதில்லை. கொஞ்சம் பழகியபின் கோடு இல்லாமலும் தெரிந்துவிடும்: சுற்றுகிற பிளக் கையில் வழுக்கி வரும், முறுக்கிக்கொள்கிற இரும்பு கையைத் திருப்பித் தள்ளும்.

பலத்துக்கும் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். 14 மில்லிமீட்டர் வாஷர் பிளக்கை அலுமினிய ஹெட்டில் இறுக்கும் அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ஊசி காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அதை வைத்தே கழற்றலாம், எவ்வளவு பலம் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இறுக்கும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போக நான் விடுவதில்லை. இது என் கணக்கு. ‘கிளிக்’ வகை ரெஞ்சை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் அளவு கெட்டுப்போகும். காற்றில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சையும் தொடாதீர்கள். போல்ட்டுகளில் அது அருமையாக வேலை செய்யும். இங்கே, கை உணர வேண்டிய எதையும் அது உணரவிடாது.

நேரம் எடுக்கும். என் மூன்றாவது சிலிண்டர் பிளக் ஒரு மதிய நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. நடுவில் ஒருமுறை எதுவும் முன்னேறாததுபோல் இருந்தது. அரைச் சுற்றுக்கு மேல் வர மறுத்தது. எண்ணெய் விட்டு, உள்ளே முழுக்க அனுப்பி, அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். திரும்பி வந்து திருப்பியபோது முதல் அரைச் சுற்று இலகுவாக வந்தது, அந்தக் கனமான இடத்தில் லேசாக ‘நற நற’ என்றது, பிறகு தாண்டிவிட்டது. அந்த ‘நற நற’ நல்ல சத்தம். பொடி அரைபடுகிற சத்தம் அது. கிறீச்சென்று இழுத்துக் கேட்பதுதான் உலோகத்தோடு உலோகம் ஒட்டுகிற சத்தம். இரண்டையும் காது பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிளக் வெளியே வந்ததும் அதை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் கீழ் நான்கைந்து மரையில் கறுப்புக் கரி எண்ணெயில் ஊறிப் பசையாக இருந்தது. அதற்கு மேல் சாம்பல் நிறப் பொடி, விரலால் தேய்த்தால் மணலாக உணரும் அளவுக்கு. ஓரிடத்தில் மட்டும், மரையின் ஓரத்தில், ஊசிமுனை அளவுக்கு வெள்ளியாக ஒன்று மின்னியது. அலுமினியம். அதுதான் முதல் கிறீச் சத்தம் வந்த இடம். பிளக்கில் அலுமினியம் சுருள் சுருளாக இருந்தால் ஹெட்டின் மரை அடிவாங்கியிருக்கிறது. என்னுடையதுபோல் ஊசிமுனை அளவுதான் என்றால் கவலை இல்லை.

ஹெட்டின் மரையைச் சுத்தம் செய்ய, வெட்டுகிற டேப்பைவிட மரையைத் துலக்கும் சேசர் நல்லது. டேப் புதிதாக வெட்டும். நமக்கு வெட்டத் தேவையில்லை, இருப்பதைச் சீராக்கினால் போதும். அதன் பள்ளங்களில் கெட்டியான கிரீஸை நிரப்பி, கையாலேயே மெதுவாக இறக்குங்கள். பொடியெல்லாம் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்துத் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து மறுபடியும் ஒருமுறை. இதைச் செய்யும்போது பிஸ்டன் மேலே நிற்கக்கூடாது, சேசர் இடித்துவிடும். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டின் போல்ட்டைக் கையால் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். முடிந்தபின் மெல்லிய குழாயை வேக்குவம் கிளீனரில் பொருத்தி, சிலிண்டருக்குள் விட்டு உறிஞ்சி எடுங்கள். கேமரா வைத்த சின்ன போரோஸ்கோப் இருந்தால் பிஸ்டன் தலையை ஒருமுறை பார்த்துவிடலாம். இந்த வேலைக்காகவே அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

உடைந்துவிட்டால்? பீங்கான் மட்டும் உடைந்தது என்றால், துண்டுகளை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் எஃகு உடலை ஆறு முனை சாக்கெட்டாலேயே கழற்றலாம். எஃகு உடலே முறிந்து, மரைப்பகுதி உள்ளே நின்றுவிட்டால் கதை வேறு. பின்திருகு எக்ஸ்ட்ராக்டரை அதற்குள் அடித்துத் திருப்புவார்கள். அது கூம்பு வடிவம். உள்ளே இறங்க இறங்க எஃகை வெளிப்பக்கமாக விரித்து, ஏற்கெனவே பிடித்திருக்கும் மரையை இன்னும் இறுக்கும். எக்ஸ்ட்ராக்டரே கடினமான, நொறுங்கக்கூடிய எஃகு. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடவும் முடியாது. முறிந்த பிளக்கை வீட்டில் எடுக்க முயலாதீர்கள் என்றுதான் சொல்வேன். தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு நட்டை வெல்டிங் செய்து எடுப்பார்கள். வெல்டிங்கின் சூடே பாதிப் பிடியைத் தளர்த்திவிடும். மரை போயிருந்தால் பெரிதாக வெட்டி, ஹெலிகாயில் மாதிரி எஃகு மரைச் செருகை வைப்பார்கள். அது தரக்குறைவான ஒட்டுவேலை என்று நினைக்க வேண்டாம், ஒழுங்காகச் செய்தால் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும்.

பிளக் உடைவது வீட்டில் வேலை பார்க்கிறவரின் கைக்கோளாறு மட்டும் இல்லை என்பதற்கு ஃபோர்டின் 5.4 லிட்டர், மூன்று வால்வு டிரைட்டன் இன்ஜின் பேர்போன உதாரணம். அதன் பிளக்கின் கீழ்ப்பகுதி நீளமான, தனியாகச் செய்து இணைத்த எஃகுக் குழல். அதைச் சுற்றிக் கரி படிந்து, கழற்றும்போது மேல்பகுதி மட்டும் கையோடு வரும், குழல் ஹெட்டிலேயே நின்றுவிடும். அதை எடுப்பதற்கென்றே தனிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. நிறுவனம் மெக்கானிக்குகளுக்குத் தந்த செய்முறையும் இதே வழிதான்: சிறிதளவு மட்டும் இளக்கு, கார்புரேட்டர் கிளீனரை ஊற்று, ஊற விடு, முன்னும் பின்னுமாகத் திருப்பு. அதைப் படித்தபோது, போனில் கேட்ட ‘அப்ப இறுக்கு’ எவ்வளவு கெட்டியான அறிவு என்று புரிந்தது.

இதே வழி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட்டுக்கும், ஆக்சிஜன் சென்சாருக்கும், பிடித்துக்கொண்ட எந்த போல்ட்டுக்கும் பொருந்தும். அங்கே டார்ச் சூட்டுக்கும் இடமுண்டு, சுற்றிலும் பெட்ரோல் குழாய் இல்லையென்றால். டீசல் இன்ஜினின் எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக்குக்கு மட்டும் இதைவிட மும்மடங்கு பொறுமை வேண்டும். அதன் உடல் மெல்லியது, முறியும் முன் பெரிதாக எச்சரிக்கை எதுவும் தராது.

இனி புதுப் பிளக்கை மாட்டுவது. மரையில் ஆன்டி-சீஸ், அதாவது பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் வழுக்குப் பசை, பூசலாமா என்பது முடிவில்லாத வாக்குவாதம். நிக்கல் பூசிய மரையோடு வரும் பிளக்குகளுக்கு அது தேவையில்லை என்று என்ஜிகே போன்ற தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். காரணம் இதுதான்: இறுக்கும் பலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் உராய்விலேயே செலவாகிறது, சுமார் 10 சதவீதம்தான் பிளக்கை இழுத்துப் பிடிக்கும் பலமாக மாறுகிறது. வழுக்கும் பசையைப் பூசி உராய்வைக் குறைத்தால், டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே மரையின்மேல் விழும் இழுவை கூடிவிடும். அலுமினியம் அதைத் தாங்காமல் நீளலாம். நான் பூசுவதில்லை. பிளக் மூன்றாண்டு கழித்துப் பிடித்துக்கொள்ளுமே என்று கேட்டால், அதற்கு மருந்து பசையில் இல்லை, அவ்வப்போது கழற்றிப் பார்ப்பதில் இருக்கிறது.

பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, அதைக் கையால் சுற்றி மரையில் ஏற்றுங்கள். மரை குறுக்கே ஏறினால் ரப்பர் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். கையால் முழுக்க இறங்கிய பிறகுதான் ரெஞ்ச். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் அதற்கு மேல் அரையிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. கூம்பு இருக்கை என்றால் பதினாறில் ஒரு சுற்று மட்டுமே. கூம்புப் பிளக்கை வாஷர் பிளக் என்று நினைத்து இறுக்கியதால்தான், அடுத்த முறை கழற்ற வராமல் பல பிளக்குகள் மாட்டிக்கொள்கின்றன.

கடைசியாக ஒன்று. சிலிண்டருக்குள் இறங்கிய எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. எல்லாப் பிளக்கையும் மாட்டுவதற்கு முன்பே, பியூயல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றி, இன்ஜெக்டர், காயில் இணைப்புகளையும் பிரித்துவிட்டு, குழிகளின் மேல் துணியைப் போட்டு, சில நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். மிச்சம் துணியில் தெறித்துவிடும். அப்புறம் பிளக்கை மாட்டி இன்ஜினை எழுப்பினால் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், ஓட்டமும் லேசாகத் தடுமாறும். ஓரிரு நிமிடத்தில் இரண்டும் அடங்கிவிடும். புகை போயும் ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு அடித்தால் அந்தக் காயிலைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். குழியில் தங்கிய எண்ணெயில் அதன் ரப்பர் வழுக்கி, பாதியில் நின்றிருக்கும்.